நாற்பது மணி நேர சீட்

பஸ் டிப்போவில் அவர் டைம்கீப்பர். ஒரு பஸ் இரண்டு நிமிடம் பிந்தி வந்தால் போதும், டிரைவரின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை என்னவென்று சொல்வது!

போன வருஷ விடுமுறையில் அவரும் மனைவியும் கடலோரமாகவே ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் வண்டியில் போவதாக ஏற்பாடு. எழுநூறாவது கிலோமீட்டரில் ஒரு ரயில் நிலையத்தைக் கண்டதும் அந்தம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள், பையை எடுத்தாள், போயே போய்விட்டாள். மிச்சத்தை இவர் தனியாக ஓட்டினார். கடல் அதே கடல்தான். ஆனால், "அங்க பாரு" என்று சொல்லப் பின்னால் ஆள் இல்லை. அவள் இல்லாத பயணம் பயணமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று சொல்லவில்லை. இந்த வருஷம் கெஞ்சிக் கூத்தாடியதில் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். இன்னும் ஒரே தடவை வருவாளாம். மறுபடி அவள் இடுப்பு விட்டுப்போனால் இந்த ஜென்மத்துக்கும் கூப்பிடக்கூடாதாம்.

சரி, சீட்டை மாற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தார். அவர் போட்ட கணக்கைக் கேளுங்கள். போன தடவை தன் இடுப்பு வலித்ததால்தான் தான் எரிந்து விழுந்தோம், எரிந்து விழுந்ததால்தான் அவள் ரயில் ஏறினாள். ஆகையால் தன் சீட் சொகுசாகிவிட்டால் குடும்பமே சொகுசாகிவிடும். இப்படியும் ஒரு மூளை!

ஜெல் சீட், காற்றடைத்த சீட், ஆட்டுத்தோல் போர்த்திய சீட் என்று நாலு வாரம் கடை கடையாக உட்கார்ந்து எழுந்தார். இவர் தலையைக் கண்டாலே ஷட்டரை இறக்குகிற நிலைமைக்குக் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான், ஆளைத் தொலைத்தால் போதும் என்று, ஊர்க்கோடியில் பட்டறை வைத்திருக்கும் சீட் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

சீட் டாக்டர் ஒரு தட்டு நிறைய ஈரக் களிமண்ணைப் பரப்பி அதில் உட்காரச் சொன்னார். எழுந்ததும், பதிந்த பள்ளத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கால்மணி நேரம் பார்த்தார். ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று டைம்கீப்பருக்கு வியர்த்துக்கொட்டியது. இடது பக்கம் பள்ளம் கம்மி, வலது பக்கம் ஜாஸ்தி, இருபது வருஷமாக உட்கார்ந்தே யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார் டாக்டர். டைம்கீப்பர் ஆடிப்போய்விட்டார்.

"பின்னாடி உக்கார்றவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் பாத்துடலாம்."

"அவ எதுல வேணா உக்காருவா. பின்சீட்டு இருக்கிறதே போதும்."

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன்சீட்டை மட்டும் செய்து கொடுத்து, மிச்சமிருந்த பஞ்சுத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கையில் திணித்தார். கூடவே நாற்பது கட்டம் போட்ட ஓர் அட்டை. புதுப் பஞ்சு பச்சைப் பிள்ளை மாதிரி, ஒரே ஆள் நாற்பது மணி நேரம், வண்டி ஓட்டுகிற மாதிரியே முன்னால் குனிந்து உட்கார வேண்டும். அப்புறம் அந்த உருவம் இறுகிவிடும், காலில் விழுந்தாலும் மாறாது. வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்.

மறுநாளே சீட் டிப்போவுக்குப் போனது. நாற்காலியின் மேல் அதை வைத்து, இரண்டு கையாலும் அளவுகோலை ஹேண்டில்பார் மாதிரி பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே பஸ்களுக்கு நேரம் சொன்னார். எந்த கியரில் போகிறீர்கள் சார் என்று டிரைவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் முதுகுவலிக்கார டிரைவர் ஒருவர் அதில் கண்ணைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைம்கீப்பருக்கு அழுகையே வந்துவிட்டது. அதிலிருந்து கழிவறைக்கும் சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டே போனார். மூன்றாம் நாள் அந்தக் கோலத்தில் மேனேஜர் எதிரே வந்தார். சீட்டா வேலையா என்று கேட்டார்.

அதுவரை அட்டையில் நாலு கட்டம்தான் தேறியிருந்தது. மிச்சம் முப்பத்தாறு. சாயங்காலம் மூன்று மணி நேரம் வீதம் பன்னிரண்டு நாள், பதின்மூன்றாம் நாள் புறப்பாடு என்று திட்டம் போட்டார். வீட்டில் அந்த உயரத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்டூல், மனைவியின் தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்தது. அதில் சீட்டை வைத்துக் கயிற்றால் கட்டினார். தலையில் ஹெல்மெட், கையில் விளக்குமாறு. சுவரைப் பார்த்து மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் படுப்பார். காலையில் போகும்போது யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அவளும் சரி என்று தலையாட்டுவாள்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம், அவள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதில் உட்கார்ந்து தைக்கிறாள் என்கிற கேள்வி மட்டும் அந்த மண்டையில் உதிக்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் கடைசி மூன்று மணி நேரமும் முடிந்த கையோடு, ராத்திரியே இருவரும் பட்டறைக்குப் போனார்கள். நாற்பது டிக்கையும் நீட்டினார் டைம்கீப்பர். சீட் டாக்டர் அட்டையைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையால் சீட்டை ஒரு தடவு தடவினார்.

"இது நீங்க இல்ல."

நான்தான், சத்தியமாக நான்தான் என்று டைம்கீப்பர் குதித்தார். டாக்டர் அவரைத் தாண்டி அந்தம்மாளைப் பார்த்தார், உட்காருங்கள் என்று கை காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

"என் ஸ்டூல் மேல கட்டி வச்சீங்க. நான் வேற எங்க உக்கார்றது?" என்றாள் அவள்.

மெஷினில் குனிகிற குனிவும் வண்டியில் குனிகிற குனிவும் ஒன்றுதான், அவருடைய மூன்று மணி நேரம் அவளுடைய எட்டு மணி நேரத்துக்கு முன்னால் நிற்குமா என்று டாக்டர் விளக்கினார். புதிதாகச் செய்ய இரண்டு மாதம் ஆகும். லீவோ நாளைக்குத் தொடக்கம். ஆசையெல்லாம் மண்ணாய்ப்போச்சு என்று மனுஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் சாவிக்குக் கை நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் பெரிய வண்டியை மூன்று வருஷம் ஓட்டியவளாம், லைசென்ஸும் இருக்கிறதாம்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கவே இல்லையே."

விடியற்காலையில் புறப்பட்டார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். முப்பதாவது கிலோமீட்டரில் பின்சீட்டு என்பது ரெக்ஸின் போர்த்திய பலகை என்று அவருக்குத் தெரிந்தது. அறுபதாவதில் ஒரு காலே இல்லாத மாதிரி இருந்தது. தொண்ணூறில் தாங்கமாட்டாமல் அவள் தோளைத் தட்டினார்.

"இன்னும் பத்தே கிலோமீட்டர்," என்றாள் அவள், திரும்பாமலே.

அது அவருடைய வசனம். ஒன்பது வருஷமாக, தோளைத் தட்டியபோதெல்லாம் அவர் திரும்பாமலே சொன்னது. ஒரு தடவைகூட அது பத்தில் நின்றதில்லை. கோபப்படலாம் என்று பார்த்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"ஒம்பது வருஷம் இதுல எப்படி உக்காந்த நீ?" என்றார், காற்றில் அவளுக்குக் கேட்கும்படி.

பத்து ஆகவில்லை, நாலுகூட ஆகவில்லை. அவள் வண்டியை ஒரு மர நிழலில் நிறுத்தினாள். பக்கவாட்டுப் பையைத் திறந்து ஒரு திண்டை எடுத்தாள். பட்டறைக்காரர் கொடுத்த பஞ்சுத் துண்டுகளை அடுக்கி, சீருடைத் துணியில் நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.

"பஞ்சு வந்த அன்னிக்கே தச்சுட்டேன்," என்றாள். "நீங்க கேக்கட்டும்னு வச்சிருந்தேன்."

அதைப் பின்சீட்டில் வைத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். அவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். வளைவைத் தாண்டியதும் கடல் தெரிந்தது.

"அங்க பாருங்க," என்றாள் அவள்.