குதிரைமசாலில் நின்ற தண்ணீர்

சவூதியில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்த அழகுமலை, முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி நூற்று நாற்பது ரியால். அது தீராமல் பாஸ்போர்ட் கைக்கு வராது. தை மாதம் ஊரில் மகளுக்குக் கல்யாணம். குளிர்காலத்தில் முதலாளி சுடுகிற காட்டு வாத்துகளை நெல்வயல் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தால், வாத்துக்கு ஐந்து ரியால் கழியும்.

ஆனால் எழுபத்தாறில், தம்மாமுக்குத் தெற்கே இருந்த அந்தத் தோட்டத்தில் நெல்லை நிறுத்திவிட்டு, தீவனத்துக்குக் குதிரைமசால் போட்டார்கள். தண்ணீர் நிற்காத வயலில் வாத்து இறங்கவில்லை. கதிர் அறுக்க வரும் பக்கத்துக் கிராமத்தாரும் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். அழகுமலைக்குக் கடன் கழிய வழியில்லாமல் போனது.

அந்தக் கவலையிலேயே ஒரு சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சியவன், கைப்பழக்கத்தில் நெல்லுக்குக் கட்டுவதுபோல வரப்பை உயர்த்தித் தேக்கிவிட்டான். விடிந்தபோது குதிரைமசால் மூழ்கிக் கிடந்தது.

"போச்சு போ! தீவனத்துக்குப் பதிலா உன்னையத்தான் ஒட்டகத்துக்குப் போடப்போறாரு," என்றான் கூட வேலை பார்க்கும் சோலைமுத்து.

வரப்பை வெட்டிவிட மண்வெட்டியை எடுக்கும்போதே முதலாளியின் ஜீப் வந்து நின்றது. முதலாளி பயிரைப் பார்த்தார். பிறகு அதில் வந்து இறங்கியிருந்த வாத்துக் கூட்டத்தைப் பார்த்தார். துப்பாக்கியை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் அழகுமலை இருபத்தாறு வாத்துகளைக் கரை சேர்த்தான்.

"கலாஸ்!" என்று முதலாளி, கணக்கு முடிந்ததாகக் கடன் சீட்டைக் கிழித்துவிட்டு அரபியில் ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றாரு?" என்று கேட்டான் அழகுமலை.

"மிச்சம் பத்து ரியால் தள்ளுபடியாம். ஆனா இனிமே மடைப்பக்கம் உன்னையப் பாத்தா சுடுவாராம்," என்றான் சோலைமுத்து.