சந்தனம் வைத்த இயந்திரம்

மூன்றாவது டேக்கிலும் ஜெயசீலியின் குரல் நடுங்கியது. அவள் பாடும்போது நடுக்கம் இல்லை. பதிவான ஃபிலிமை ஓட்டிக் கேட்டால் மட்டும், நீளமாக நிற்கும் ஸ்வரங்கள் குளிரில் விறைத்தவள் பேசுவதுபோல் அதிர்ந்தன.

"என்னம்மா இது, ஆட்டுக்குட்டி கணக்கா கத்துத?" என்றார் சோப்பு விளம்பரக் கம்பெனி ஞானதுரை. "மாதுங்கால வேற பொண்ணு இருக்கு. போன் போடட்டுமா, சார்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்மோனியக்காரரோடு இருந்த ஜெயசீலிக்கு எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. தாராவி சர்ச்சின் பாடகர் குழுவில் பாடுகிறவள். சம்பளத்துக்குப் பாட வந்தது இதுதான் முதல் தடவை.

"நான் நடுங்கலண்ணே," என்றாள். "நெசமாவே நடுங்கல."

"பயம்தான், வேறென்ன?" என்றார் ரெக்கார்டிஸ்ட் சங்கரநாராயணன். "தொண்டை ஸ்டெடியா நிக்க மாட்டேங்கறது."

நான் அவருடைய உதவியாளர். இந்தச் செம்பூர் ஸ்டூடியோவில் சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் 'சரி சார்' என்பதோடு காலத்தை ஓட்டியிருந்தேன். இன்று இருப்புக் கொள்ளவில்லை. ஒலிப்பதிவு மெஷினின் பல்சக்கரத்திலிருந்து ஃபிலிம் சின்னச் சின்ன இழுப்புகளோடுதான் வரும். அவை ஒலி பதியும் இடத்துக்குப் போகாமல், ஸ்பிரிங் வைத்த ஒரு கை ஏறி இறங்கி வாங்கிக்கொள்ளவேண்டும். அந்தக் கை அசையவே இல்லை. முந்தாநாள் ஆயுத பூஜையில் சார் தம் விரலால் வைத்த சந்தனம் அதன் மூட்டில் வழிந்து இறுகியிருந்தது. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக்கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது அவர் சட்டம். அதை அவரிடமே எப்படிச் சொல்வது?

ஞானதுரை போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"சார்," என்றேன். "ஆர்மோனியமும் நடுங்கறது."

"என்னது?"

"அதுக்குத் தொண்டை கிடையாதே, சார்."

அவர் இன்னொரு முறை ஓட்டிக் கேட்டார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த மூட்டைப் பார்த்தார். காதுமடல் சிவந்தது.

"தொடைச்சுடு," என்றார் வேறு பக்கம் திரும்பி. "அம்பாள் கோச்சுக்க மாட்டா."

ஞானதுரை போனை வைத்தார். "இன்னும் ஒரே டேக். அவ்வளவுதான்."

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். ஃபிலிம் ஓடத் தொடங்கியதும் அந்தக் கை மெல்ல ஏறி இறங்கியது. இனி எந்த நடுக்கம் பதிந்தாலும் அது மெஷினுடையது அல்ல.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஜெயசீலி பாட்டுத் தாளை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த அறையில் மின்விசிறி கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் மூச்சை இழுத்தாள்.