குட்டை ஸ்க்ரூ டிரைவர்

தையல் மெசினில் ஓர் ஆணி ஆடுகிறதென்று தங்கச்சி றஸ்மியா காலையிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் விமானத்தையே கழற்றிப் பூட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நுஹ்மான் பந்தாவாகத்தான் கருவிப் பையை விரித்தான். குட்டை ஸ்க்ரூ டிரைவர் இருக்க வேண்டிய உறை காலியாகக் கிடந்தது.

பையைக் கவிழ்த்துக் கொட்டினான். பெட்டி, சட்டைப் பை, பாய்க்கு அடி எல்லாம் துழாவினான். பிறகுதான் ஞாபகம் வந்தது. நேற்று கடைசியாக அதைப் பிடித்திருந்தது விமானியின் இருக்கைக்குக் கீழே, வால் சுக்கானுக்குப் போகும் கேபிள்களுக்கு நடுவில். மாத்தளை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கருவிகளை எண்ணிப் பார்க்காமல் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். அது அந்த இடுக்கில் கிடந்து, மேலே போனபிறகு கேபிளில் சிக்கினால், விமானி பெடலை எவ்வளவு மிதித்தாலும் சுக்கான் அசையாது. இன்றைக்கு மத்தியானம் அந்த விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறது.

அவனுடைய ஊர் அலுவிகாரைக்காரர்களுக்கு அவன் ஏற்கெனவே பைலட். லைசன் எடுக்கப்போகிறான் என்றால் வேறென்ன நினைப்பார்கள்? ஓட்டுகிற லைசன் இல்லை உம்மா, பழுது பார்த்து ‘இது பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடுகிற லைசன் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது. அதற்காக அப்ரெண்டிஸாகச் சேர்ந்து ஐந்து வருடம் கிரீசில் புரண்டிருந்தான். எழுத்துப் பரீட்சை பாஸ். அடுத்த வாரம் நேர்முகப் பரீட்சை மட்டும் பாக்கி. அதுவரை அவன் செய்யும் வேலைக்கெல்லாம் லைசன் உள்ள மூத்த மெக்கானிக் அப்துல் ஸமத் நானாதான் கையெழுத்து. நேற்றும் அவர்தான் போட்டார், இவனை நம்பி.

சொன்னால் பரீட்சை அம்போ. ஸமத் நானாவின் லைசனும் போகலாம். ஒருவேளை வேலை மேசையிலேயே கிடக்குமோ, நாம்தான் பதறுகிறோமோ என்று மனம் நைசாக ஒரு வழி காட்டியது.

“என்ன நானா, முகமெல்லாம் வேர்த்திரிக்கி?” என்றாள் றஸ்மியா.

செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி, நாவுலயிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

மாத்தளை தபால் கந்தோரில் கொழும்புக்கு ட்ரங்க் கோலுக்குச் சொல்லிவிட்டு நிற்கையில், யாரென்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்லி வைத்துவிடலாமா என்றும் யோசித்தான், வெட்கங்கெட்டு. ஒருவழியாக லைன் கிடைத்தது. எடுத்ததே ஸமத் நானாதான்.

“யாரு பேசுறது? சத்தமாப் பேசுங்க, இங்க எஞ்சின் ஓடுது.”

எந்த விமானத்தின் எஞ்சின் என்று கேட்க நுஹ்மானுக்குத் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

“நான் நுஹ்மான், நானா. என்ட குட்டை ஸ்க்ரூ டிரைவரக் காணல்ல. நேத்து சீட்டுக்குக் கீழ, கேபிள் போற இடத்துல விட்டுட்டேன் போல.”

மறுமுனையில் ரிசீவர் மேசையில் விழுந்தது. சிமெந்துத் தரையில் சப்பாத்துக் கால் ஓடும் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. நேரம் முடிந்துவிட்டதென்று கிளார்க் கை காட்டினார். நுஹ்மான் அவரைப் பார்க்கவில்லை. ரிசீவரைக் காது நோக அழுத்திக்கொண்டான். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.