மிச்சம் விழுந்த அட்டை

எழுத்தரின் மனைவி கணக்கிலிருந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. அப்போது அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்தும் முடித்தாள்.

மக்கள்தொகை அலுவலகத்தில் ஆளுக்கு ஓர் அட்டை உண்டு. ஆண்டு முடிவில் அவற்றைச் சம எண்ணிக்கையுள்ள கட்டுகளாகக் கட்டி, மேலதிகாரியிடம் காட்டி, அலமாரியில் அடுக்க வேண்டும். ஓர் அட்டைகூட உதிரியாக நிற்கக் கூடாது. எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ, அதுவரை எப்படியோ சரியாக வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்து மூன்று. எழுத்தர் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, ஏழேழாக வகுத்துப் பார்த்தார். முந்நூற்றுப் பதினாறு வரை போனார். அதற்கு மேல் ஓர் எண் மிச்சமில்லாமல் வகுக்குமானால் அதன் ஜோடி கீழேயே அகப்பட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றையும் தன்னையும் தவிர யாரையும் கிட்டே சேர்க்காத பிடிவாதக்கார எண். ஒரே கட்டாகக் கட்டிவிடலாம் என்றால் அவ்வளவு நீளக் கயிறு அலுவலகத்தில் இல்லை.

மேலதிகாரி வரும் நேரம். ஓர் அட்டையை எடுத்துவிட்டால் நாற்பத்திரண்டு வீதம் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தொரு கட்டு, கச்சிதம். ஊரார் வம்பு எதற்கு என்று மனைவியின் அட்டையை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டு ஆள்தானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"என்னங்க, பஸ்ல கண்டக்டர் என்னைத் தாண்டித் தாண்டிப் போறாரு. டிக்கெட்டே குடுக்கல" என்றாள் அன்று மாலை.

"கூட்டமா இருந்திருக்கும், விடு."

மறுவாரம் எடை மெஷினில் ஏறி நின்றாள், முள் அசையவில்லை. மாதக் கடைசியில் மெத்தையில் அவள் படுத்த இடம் குழியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், தனியாக இருக்கிறீர்களே, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அவரை விசாரித்தபோது அவள் அருகிலேயே நின்றிருந்தாள். வாய் அசைந்து சற்றுப் பொறுத்துத்தான் அவள் குரல் வந்தது. நாளுக்கு நாள் தாமதம் கூடியது. ஒருநாள் வராமலே போய்விடும் என்று அவர் பயந்தார்.

அட்டையைத் திரும்பக் கொண்டுபோய்ச் செருகினார். மறுநாள் அது மேசைமேல் கிடந்தது. எந்தக் கட்டில் செருகினாலும் அதே கதைதான். வேறு வழியில்லாமல் அவளிடம் உண்மையைச் சொன்னார். அவள் உதடுகள் அசைந்தன. டீ ஆறிய பிறகு குரல் வந்தது: "என் அட்டைதான் கெடைச்சுதா உங்களுக்கு? தனியா இருக்கப் பயமா இருக்குங்க."

அவர் அழுதார். பிறகு ஒரு தாளை எடுத்து வகுத்தார். இன்னும் ஓர் அட்டை குறைந்தால் ஒரு லட்சத்து ஒன்று. பதினொன்று வீதம் ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொரு கட்டு, மிச்சமில்லை. தன் அட்டையை எடுத்து மனைவியின் அட்டையோடு பையில் வைத்துக்கொண்டார். எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஒன்பது நாள் பிடித்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தபோது வழியில் யாரும் வணக்கம் சொல்லவில்லை.

"வந்துட்டீங்களா" என்றாள் கதவைத் திறந்தவள். குரல் உடனே கேட்டது.

அலுவலகத்தில் வேறு எழுத்தரைப் போட்டார்கள். வீடு காலியாக இருக்கிறது என்று வாடகைக்கு விட்டார்கள். குடிவந்தவர்கள் நல்ல மாதிரி. ஜன்னலோரம் கிடக்கும் இரண்டு நாற்காலிகளில் மட்டும் அவர்கள் உட்காருவதில்லை. காரணம் கேட்டால், "அது ரெண்டும் எப்பவும் சூடாவே இருக்குதுங்க" என்கிறார்கள்.