முதல் பக்கத்திலேயே திருடன்

மாத்திரை டப்பாவுக்குள் பொடிப்பொடியாக மடித்த ஒரு தாள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை பிரித்துவிட்டால் திரும்ப மடிக்க வராது. என்னென்ன பக்க விளைவு வரும், யார் யார் சாப்பிடக்கூடாது என்று எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நீங்கள் படித்ததில்லை. நானும் படித்ததில்லை. ஆனால் அதையும் ஒருத்தர் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்? அந்த ஒருத்திதான் நம்முடைய நாவலாசிரியை.

வீட்டில் அவளுக்கு எச்சரிக்கை என்று பெயர். புருஷன் வைத்தது. அவளிடம் ஒரு வாய் வெந்நீர் கேட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறது, துணியால் பிடியுங்கள், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று முழுத் தாளையும் ஒப்பித்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவாள். புருஷன் நீச்சல் சொல்லிக் கொடுப்பவன். நாள் முழுக்கத் தண்ணீருக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான். அவன் ரகசியம் பேசினாலே அடுத்த வீட்டில் கேட்கும். இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு அவளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். மர்ம நாவல் எழுத வேண்டுமாம். அதுவும் காதல் மர்ம நாவல்.

மகளுக்குப் பால் பல் முளைக்கும்போது எழுத ஆரம்பித்தாள். ஏரிக்கரையில் ஒரு பழைய விடுதி. விடுதிக்காரியின் வைர மோதிரம் மழை பெய்த ஓர் இரவில் பெட்டகத்திலிருந்து காணாமல் போகிறது. பெட்டகத்தைப் பழுதுபார்க்க வந்த பூட்டுக்காரிக்கு, அங்கே தங்கியிருக்கும் வைத்தியன்மேல் ஒரு கண். ஊரே அவனைத்தான் சந்தேகப்படுகிறது. நிஜத் திருடனோ விடுதிக்காரியின் தம்பி, எந்நேரமும் ஜோக் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாக இருக்கிறவன். கதை நன்றாகத்தானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் இவள் தொழில்புத்தி சும்மா விடுமா!

ஆபத்தானதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் வேலையின் முதல் பாடம். அதனால் தம்பிக்காரன் முதல் பக்கத்தில் படியேறி வரும்போதே, அவன் சிரிப்பை நம்பிவிடக்கூடாது என்று ஒரு வரி விழுந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் அவன் கைகுலுக்கும்போது, வாசகர் கவனமாக இருப்பது நல்லது என்று இன்னொரு வரி. அடித்துவிட்டு எழுதினாலும் வேறு ரூபத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருத்தரிடம் தெரிந்தே மறைப்பது அவளுக்கு நெஞ்சை உறுத்தியது. என்ன செய்வாள், பாவம்.

படித்துப் பார்த்த பதிப்பாளர் அம்மாள் போனில் நல்ல மாதிரியாகவே பேசினார். காதல் பகுதி உருக்கிவிட்டது என்றார். மர்மம்தான் இல்லை என்றார். திருடனை இரண்டாம் பக்கத்திலேயே பிடித்துக் கொடுத்துவிட்டால் மிச்சப் பக்கங்களை நான் என்ன செய்வது என்று கேட்டார். திருத்தி எழுதினால் கட்டாயம் மறுபடியும் படிக்கிறேன், ஆனால் அனுப்புவதற்கு முன் மர்மக்கதை நிறையப் படிக்கிற யாரிடமாவது ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பு என்றும் சொன்னார்.

அப்படி ஒரு ஆள் சொந்தத்திலேயே இருந்தது. புருஷனின் அக்கா. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். குடும்பத்தில் அவளைப் போலீஸ் அக்கா என்பார்கள். மர்ம நாவல் எதுவானாலும் மூன்றாவது அத்தியாயத்துக்குள் ஆளைச் சொல்லிவிடுவாள். சொன்னால் தப்பாது. சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் இடைவேளைக்கு முன்பே, அந்த மீசைக்காரன்தான் என்று காதில் சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். அவளோடு இரண்டாவது தடவை படம் பார்க்கப் போனவர் யாரும் கிடையாது.

எச்சரிக்கை அன்றைக்கே மனதுக்குள் முடிவுகட்டினாள். போலீஸ் அக்கா கண்ணில் மண்ணைத் தூவினால்தான் நாவலை அனுப்புவது. இல்லாவிட்டால் மாத்திரைத் தாளோடு இருந்துவிடுவது. யாரும் அவளை இப்படி ஒரு சபதம் எடுக்கச் சொல்லவில்லை. வீம்புதான்.

இரண்டாம் பிரதியில் ஒரேயடியாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். தம்பிக்காரனைப் பற்றி மூச்சே விடவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவன் திடீரென்று முளைத்து, நான்தான் எடுத்தேன் என்கிறான். போலீஸ் அக்காவுக்கு வந்ததே கோபம். இதற்குப் பெயர் மர்மம் இல்லை, மோசடி என்றாள். ஆட்டத்தில் இல்லாத சீட்டைச் சட்டைக்குள்ளிருந்து உருவினால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள் என்று ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளிவிட்டு, இருந்தாலும் அந்த வைத்தியன் பையன் நல்லவன், அவனுக்கே அவளைக் கட்டிவை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் பிரதி முடிவதற்குள் மகளுக்குப் பல்லில் கம்பி போட்டாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ் அக்கா தும்மிக்கொண்டே வந்தாள். தாள் கட்டை வாங்கிக்கொண்டு, இழுப்பறையில் கிடந்த சளி மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பால்கனி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். எச்சரிக்கை சமையலறையில் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் திரும்பியது. இன்னொரு பக்கம் திரும்பியது. அப்புறம் எதுவும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் வந்தது. நாவல் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதில் ஒரு தாள் பறந்து செடித்தொட்டியில் போய் ஒட்டிக்கொண்டது.

பார்த்தவளுக்கு எப்படியிருக்கும்? கண்ணீருக்கு வெங்காயம் காரணமில்லை. இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து எழுதியது ஒரு மனுஷியைத் தூங்க வைக்கத்தானா? தாள்களைப் பொறுக்கிக் கட்டிப் பரணில் போட்டாள். புருஷன் அவனுக்குத் தெரிந்த மட்டும் ஆறுதல் சொன்னான். அந்தக் குரலுக்கும் அக்கா எழுந்திருக்கவில்லை என்பதுதான் அவளை இன்னும் நோகடித்தது.

மதியம் தாண்டித்தான் போலீஸ் அக்கா கண் விழித்தாள். மடியில் நாவல் இல்லை. எதிரே தம்பி மனைவி முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சத்தியமா கதையால இல்லடி. அந்த மாத்திரைதான். போட்டதும் கண்ணு சொக்கிடுச்சு."

அழுதுகொண்டிருந்தவளுக்குள் இருந்த உத்தியோகக்காரி சட்டென்று நிமிர்ந்தாள். அந்த மாத்திரைக்குத் தாள் எழுதியதே அவள்தான்.

"தூக்கம் வரும்னு அதுல போட்டிருக்கேனே, அக்கா."

"எங்க போட்டிருக்க?"

அக்கா டப்பாவிலிருந்த தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துத் தேடினாள். ஊருக்கெல்லாம் கண்ணைச் சரிபார்க்கிறவள், மேலே தேடினாள், கீழே தேடினாள், பின்பக்கம் புரட்டினாள். கிடைக்கவில்லை. எச்சரிக்கை எட்டிப் பார்க்காமலே விரலை வைத்துக் காட்டினாள். இருந்தது, பட்டவர்த்தனமாக.

"நல்லாத்தான் எழுதியிருக்க, யாரு இல்லன்னா. ஆனா மேல வாய் வறளும்னு இருக்கு, கீழ பசி குறையும்னு இருக்கு. நடுவுல கொண்டுபோய் உக்கார வச்சா யாரு கண்ணுல படும்?"

எச்சரிக்கை தாளை வாங்கி அந்த நடு வரியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். மறைக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், சொல்கிற இடம்தான் விஷயம். தான் தினமும் ஆபீசில் செய்கிற காரியம்தானே இது! புருஷனை ஏணி கொண்டுவரச் சொன்னாள். எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, ஒன்றுமில்லை, பரணில் ஒட்டடை என்றாள். அவள் வாழ்நாளில் சொன்ன முதல் உருப்படியான பொய் அதுதான்.

நான்காம் பிரதியில் திருட்டு நடந்த மறுநாள் காலையில் விடுதி வாசலைப் பூட்டுக்காரி தாண்டி உள்ளே போகிற மாதிரி எழுதினாள். வாசலில் செருப்புகள் கிடக்கின்றன. சமையல்காரரின் தேய்ந்த ரப்பர் செருப்பு, விடுதிக்காரியின் வெல்வெட் செருப்பு, நனைந்த பழுப்பு ஷூ ஒரு ஜோடி, யாரோ குழந்தையின் ஒற்றைச் செருப்பு, வைத்தியனின் வார் அறுந்த செருப்பு. அதைப் பார்த்ததும் பூட்டுக்காரிக்கு அவன்மேல் இரக்கம் பொங்குகிறது, புதுவார் போட்டுக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறாள். பழுப்பு ஷூ போடுகிறவன் தம்பிக்காரன் என்பது அதற்கு முந்தின அத்தியாயத்திலேயே இருக்கிறது. மழை பெய்த அந்த ராத்திரி முழுக்கப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று அவன் சொல்வது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் சொல்லியாகிவிட்டது. மனசாட்சி சுத்தம்.

போலீஸ் அக்கா மூன்றாவது அத்தியாயம் முடித்த மாலையே போன் பண்ணிவிட்டாள். சமையல்காரர்தான், இதில் என்ன பெரிய மர்மம் என்றாள். எச்சரிக்கை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். சரி அக்கா, மிச்சத்தையும் படிச்சுட்டுச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் புருஷன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அவனை நம்ப முடியாது என்று, அக்கா படித்து முடிக்கிற வரையில் அவள் வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று தடை போட்டாள்.

அடுத்த நாளும் போன் வந்தது, சமையல்காரர்தான் என்று. அதற்கடுத்த நாள் குரலில் கொஞ்சம் சுருதி குறைந்திருந்தது. அப்புறம் போனே இல்லை. எச்சரிக்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டுபிடித்திருப்பாளோ? இல்லை, மறுபடியும் தூங்கிவிட்டாளோ? ஆபீசில் மதிய இடைவேளை விட்டதும் சாப்பிடாமல் கண்ணாடிக் கடைக்கு ஓடினாள்.

கடையில் பரிசோதனை அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். உள்ளே யாருக்கோ ரொம்ப நேரமாகப் பார்க்கிறார்கள் என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். கதவிடுக்கில் எச்சரிக்கை எட்டிப் பார்த்தாள். நோயாளி யாரும் இல்லை. எழுத்துப் பலகை விளக்கின் அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசித் தாளைக் கையில் வைத்தபடி போலீஸ் அக்கா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பரபரவென்று முன்பக்கம் புரட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. அதை மறுபடி படித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

வெளியே வந்தவள் பெஞ்சில் இருந்தவர்களைக் கவனிக்கவே இல்லை. நேராக எச்சரிக்கையிடம் வந்தாள்.

"அடிப்பாவி. செருப்பைப் பார்த்தேன்டி. அந்த அறுந்த வாரைப் பார்த்துட்டு, ஐயோ பாவம்னு தாண்டிப் போயிட்டேன்."

தப்பா அக்கா என்று எச்சரிக்கை கேட்க வாயெடுப்பதற்குள் அக்காவே தொடர்ந்தாள்.

"இத்தனை வருஷமா எல்லாக் கதையிலயும் நான்தான் ஜெயிச்சிருக்கேன். தோக்குறது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலையே."

எச்சரிக்கை அங்கேயே, அந்தக் கடையில், ஜனங்கள் பார்க்க, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெஞ்சில் இருந்த பெரியவர், கண்ணில் ஏதோ பெரிய கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துத் தன் முறையையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார்.

அக்கா விடவில்லை. இப்போதே பேசு என்று கையில் போனைத் திணித்தாள். பதிப்பாளர் அம்மாள் எடுத்தார். நாவல் முடிந்துவிட்டது என்று எச்சரிக்கை திக்கித் திணறிச் சொன்னாள். மர்மக்கதை படிக்கிற யாரிடமாவது காட்டினாயா, அவர் என்ன சொன்னார் என்று அம்மாள் கேட்டார். அதற்குள் போலீஸ் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான்தாங்க படிச்சேன். என்னால கண்டுபிடிக்க முடியல."