ஆவிக்குள் ஒரு மைதானம்

சூட்டு உருளையின் அடியிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று அலைபோல வெளியே வந்தது. இந்த முனையைச் செரைனாவும் அந்த முனையை ஃபாத்மிரேவும் பிடித்தார்கள். உதறி, மடித்து, நெருங்கி வந்து, இன்னொரு மடிப்பு மடித்து அடுக்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. மலைமேல் பனிச்சறுக்குக் காலம் இன்னும் முடியவில்லை. ஓட்டல்களிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகச் சலவை ஆலைக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆவி முகத்தில் அடிக்கும்போதெல்லாம் செரைனாவுக்குக் கண் சொருகும். விரிப்பின் மடிப்புகள் மைதானத்துக் கோடுகளாக நீளும். கூரைக் காற்றாடியின் இரைச்சல் எங்கோ ஒரு பெருங்கூட்டத்தின் கூச்சலாகும்.

"அடியே, எந்த ஊர்ல இருக்க இப்ப?" ஃபாத்மிரே விரிப்பைச் சுண்டினாள்.

"டென்மார்க்ல."

"அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டியா? உடம்பையும் கூடக் கூட்டிட்டுப் போக லீவு கேட்டியா?"

செரைனா அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தாள். அவள் வளர்ந்த மலைக்கிராமத்தில் சமதரை கிடையாது. சரிந்த புல்வெளியில்தான் பிள்ளைகள் பந்து ஆடினார்கள். தப்பிய பந்து நேரே ஓடைக்குப் போய்விடும். அதனால் கீழ்ப்பக்கத்தில் ஒருத்தி நிற்க வேண்டும். அது எப்போதும் செரைனாதான். அப்படியே இடது காலில் பந்தை நிறுத்தப் பழகி, நகரத்துக் குழுவுக்குப் போய், பெண்கள் தேசியக் கால்பந்து அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரியும் ஆனாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆட்டத்துக்கு விமானச் சீட்டும் சாப்பாடும் கிடைக்கும். அறை வாடகையை விரிப்புகள்தான் கட்டின.

மதியம், மேற்பார்வையாளர் ஸோக் வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்குச் செரைனா போய் நின்றாள்.

"மூணு நாளா? சீசன் நடுவுலயா?" என்றார் அவர். "உன் லீவெல்லாம் போன பயிற்சி முகாமுக்கே தீந்துபோச்சேம்மா."

"சம்பளம் வேண்டாம் சார். நாட்டுக்காக ஆடறேன்."

"நாடு வந்து விரிப்பு மடிக்குமா? இன்னைக்கு நீ பந்தாடப் போவ, நாளைக்கு இன்னொருத்தி பாட்டுப் பாடப் போறேன்னு நிப்பா. போறதுன்னா போ. இடம் காலியா இருக்கும்னு மட்டும் நினைச்சுக்காத."

அவள் போனாள்.

டென்மார்க் மைதானத்தைக் கடல்மூடுபனி பாதி விழுங்கியிருந்தது. அணித்தலைவிக்குக் காய்ச்சல் என்று தலைவிக்குரிய பட்டையைச் செரைனாவின் கையில் மாட்டிவிட்டார்கள். எதிரணிக்காரிகள் பனிக்குள்ளிருந்து தோன்றி, பனிக்குள்ளேயே கரைந்தார்கள். அவள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. முடியும் தறுவாயில் பந்து கோல்கீப்பரைத் தாண்டி உருண்டது. செரைனாவின் உடம்பு யோசிக்கவில்லை. பின்னால் ஓடை இருப்பதுபோல் சறுக்கிப் பாய்ந்தது. கோட்டின் மேலேயே இடது கால் பந்தைத் தொட்டு வெளியே தள்ளியது.

விசில் ஊதியபோது அவள் ஈரப் புல்லில் மல்லாந்து கிடந்தாள். யாரோ நாலு முனையிலும் பிடித்து உதறுவதுபோல் வானம் வெள்ளையாக அசைந்தது. பிறகு தோழிகள் ஒவ்வொருத்தியாக அவள்மேல் வந்து விழுந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத எங்கிருந்தோ சில கைகள் தட்டின. அந்த நேரத்தில் அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை, முழங்கால் வீக்கத்தோடு ஆலைக்கு வந்தாள். அவள் முனையைப் புதிதாக ஒரு பெண் பிடித்திருந்தாள். ஸோக் ஆவிக்கு நடுவே நின்று கையை விரித்தார்.

"நான் முன்னாடியே சொன்னேன்ல? மனசுல வச்சுக்காத. ஜெயிச்சீங்களாமே, நல்லது."

ஆலைக்கு எதிரே, ஏரிக்கரைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். வந்த பேருந்தில் ஏறவில்லை. ஏரிக்குள் மலை தலைகீழாக நின்றது. மேகங்கள் தண்ணீருக்கடியில் மெல்ல நகர்ந்தன. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று தெரியவில்லை. கைப்பேசி அடித்தது. பயிற்சியாளர் பிரிகிட்டே.

"செரைனா, அடுத்த மாசமும் முகாம் இருக்கு. நீ இல்லாம முடியாது. லீவு குடுப்பாங்களா?"

"எத்தனை நாள் வேணும்னாலும்" என்றாள் செரைனா.

"பாத்தியா, ஒரு வெற்றி எல்லாத்தையும் மாத்திடும்!"

ஆலைச் சங்கு ஊதியது. வேலை முடிய இன்னும் வெகு நேரம் இருந்தது. ஆனாலும் உருளைகள் ஓய்ந்தன. ஆட்கள் சிரித்துக்கொண்டே கும்பலாக வெளியே வந்தார்கள். ஃபாத்மிரே சாலையைக் கடந்து, செரைனாவின் அலமாரியிலிருந்த செருப்பையும் மேலங்கியையும் அவள் மடியில் வைத்தாள்.

"என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள் செரைனா.

"இல்லடி. சாயங்காலம் நம்ம நாட்டு ஆம்பளைங்க டீமோட மேட்ச். எல்லாரும் டிவி பாக்கணும்னு ஸோக் சார் சீக்கிரம் விட்டுட்டார். சம்பளத்தோட."

மாடியில் ஜன்னல் திறந்தது. அணியின் சிவப்புத் துண்டு கழுத்தில் தொங்க, ஸோக் ஒரு பெரிய தேசியக் கொடியை வெளியே தொங்கவிட்டார். அப்போதுதான் இஸ்திரி போட்ட துணி. சிவப்பின் நடுவே வெள்ளைச் சிலுவை சுருக்கமில்லாமல் விரிந்தது. குளிர்க்காற்றில் அதிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.