கிளட்ச் கருகும் வாடை

எங்கள் ஏழு சீட்டு வண்டியைப் பதினோரு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கணவர் தொணதொணப்பார். “கிளட்ச் மேல கால வச்சே ஓட்டாதடி, கருகிடும்! உங்கப்பனா வாங்கிக் குடுத்தான்?” பின்சீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போன வருடம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. தினமும் காலையில் சிகிச்சைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். “உன்ன மாதிரி பொண்டாட்டி கிடைக்க அவரு குடுத்து வச்சிருக்கணும்” என்கிறாள் எதிர்வீட்டுக்காரி.

பெல்ட் மாட்டி, அவர் வாயோரம் துடைத்துவிடுவேன். மேட்டில் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஏறுவேன். கருகல் வாடை அடிக்கும். அவர் பார்வை என் காலை விட்டு நகராது. விளங்கும் கை மட்டும் தொடையில் படபடவென்று அடிக்கும்.

ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்பேன்: “ஏங்க, ஏதாவது சொன்னீங்களா?”